அன்றாட வாழ்க்கையில் இணையம் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகிறதா? உங்கள் அனுபவம் என்ன?

மிச்சப்படுத்துகிறது, சந்தேகமே வேண்டாம். ஆனால் எங்கே மிச்சமாகிறது என்பதில், சென்னை பெரம்பூரில் பிறந்து வளர்ந்து இங்கேயே குடும்பம் நடத்துகிற எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. மளிகை வாசலுக்கு வருவதிலும், இரவுச் சாப்பாடு அரை மணியில் வந்து சேர்வதிலும் கிடைக்கிற மிச்சம் சொற்பம். தெருமுனைக் கடைக்குப் போய்வரும் நேரத்தை, எதை வாங்குவது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே செலவழித்துவிடுகிறோம். பெரிய லாபம் இன்னோர் இடத்தில் இருக்கிறது. ஒரு வேலைக்காகக் கிளம்பிப் போய், வேலை முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வரும் அலைச்சலை இணையம் பெரும்பாலும் ஒழித்துவிட்டது.

முன்பு எந்த அலுவலகத்துக்கும் முதல் நடை விசாரிப்பதற்குத்தான். என்னென்ன சான்று வேண்டும், எந்தக் கவுன்ட்டர், எத்தனை மணிக்குப் பணம் வாங்குவதை நிறுத்துவார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போகும். இரண்டாம் நடையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் குறையும், அல்லது கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார். அதற்கடுத்த நடையில்தான் காரியம் ஆகும். அப்பா ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஃபிட்டர். அவர் ஷிப்டு முடிந்து வருவதற்குள் எல்லாக் கவுன்ட்டரும் மூடியிருக்கும். அதனால் அலைச்சல் முழுவதும் அம்மா தலையில் விழுந்தது. மின்கட்டண அட்டை, ரேஷன் அட்டை, தொலைபேசி பில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வெயிலில் நடப்பார். நான் கல்லூரி முடித்துத் தேர்வுகளுக்கு விண்ணப்பித்த காலத்தில், விண்ணப்பக் கட்டணத்துக்கு டிடி, அதாவது வங்கி வரைவோலை எடுக்க வங்கிக்குப் போனாலே முற்பகல் போய்விடும். ஒரு கவுன்ட்டரில் சலான் நிரப்பிப் பணம் கட்டி, பெயர் கூப்பிடும்வரை பெஞ்சில் காத்திருந்து, இரண்டு கையெழுத்தும் விழுந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓட வேண்டும். சில நிமிடங்களில் பணம் கட்டி விண்ணப்பத்தை முடித்துவிடும் இன்றைய பிள்ளைகளுக்கு டிடி என்றால் என்னவென்றே தெரியவில்லை. எனக்கு அதில் மிகவும் மகிழ்ச்சி.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுத்ததும் தொகை கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. சொத்துவரியையும் அப்படியே கட்டுகிறோம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. பிறப்புச் சான்றிதழை மாநகராட்சியின் இணையத்தளத்திலேயே இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க மாத முதல் தேதியில் நின்ற வரிசையும் குறைந்துவிட்டது. இவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத சிலவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, வில்லங்கச் சான்று. ஒரு மனை வாங்க நினைப்பவர் அதன்மேல் விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை என்று என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, தேடுகூலி கட்டி, சில நாள் கழித்துப் போய் வாங்க வேண்டும். வேலைக்குப் போகும் மனிதருக்கு அது முடிகிற காரியமா? ஆகவே தரகரே வாங்கிக்கொண்டு வருவார், அவர் காட்டுவதைத்தான் பார்ப்போம். இப்போது பதிவுத்துறையின் இணையத்தளத்திலேயே வில்லங்க விவரத்தை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

சித்தப்பா திருவள்ளூர் பக்கம் ஒரு மனைக்கு முன்பணம் கொடுக்கவிருந்தார். முதல் நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும், "ஒரு தடவை நீயும் பார்த்துவிடு அம்மா" என்று பத்திர நகலை என்னிடம் நீட்டினார். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று ஒவ்வொன்றாக நிரப்பினேன். உட்பிரிவு எண்ணைத் தவறவிடக் கூடாது, அதை விட்டால் பக்கத்து மனைகளின் பதிவுகளும் கலந்து வந்துவிடும். சற்று நேரத்தில் பக்கங்கள் திறந்தன. வரிசையாகக் கிரயப் பத்திரங்கள், கடைசியில் ஓர் அடமானம். அந்தக் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவே இல்லை. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். மறுநாள் முன்பணம் கைமாறவில்லை. கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்க எத்தனை மாதம் அலைந்திருப்பார் என்று நினைத்தாலே பதறுகிறது. இணையம் நேரத்தை மிச்சப்படுத்தியதா என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரவுதான்.

இதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். வில்லங்கத்தில் பதிவானவை மட்டும்தான் தெரியும். பதிவாகாத பாத்தியதை, வாய்மொழி உடன்பாடு எதுவும் அதில் வராது. மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் நல்ல வக்கீல் ஒருவரிடம் காட்டத்தான் வேண்டும். அந்தக் கட்டத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது, அப்பாவின் உயிர்வாழ் சான்று. மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றைக் கொடுத்தால்தான் ஓய்வூதியம் தொடரும். அப்பா ஓய்வு பெற்ற புதிதில் வங்கிக்கு நேரில் போவார். நவம்பர் மாதம், மழைக்காலம். தெருவில் தண்ணீர் நிற்கும், முதியவர்கள் குடையும் வேட்டியுமாக வரிசையில் நிற்பார்கள். மூட்டு வலியோடு நின்ற அந்தப் பெரியவர்களைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற இணைய முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. விரல் ரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் வாழ்நாள் முழுவதும் இரும்போடு உழைத்த கைகளில் ரேகை எங்கே இருக்கிறது? அப்பாவின் கட்டைவிரலைக் கருவி ஏற்கவே இல்லை. துடைத்து வைத்தும், எண்ணெய் தடவி வைத்தும் பயனில்லை. 2021இல் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி வந்த பிறகுதான் அவருக்கு விடிவு பிறந்தது.

அதை வீட்டில் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். ஜன்னலைப் பார்த்து நாற்காலியைப் போடுவோம், வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், சாமி படமோ நாள்காட்டியோ வேண்டாம். கண்ணாடியைக் கழற்றச் சொல்வேன். ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் மூன்றையும் ஒரே தாளில் பெரிதாக எழுதி முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வேன். செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது அப்பா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து இமைக்காமல் பார்ப்பார், பாஸ்போர்ட் படத்துக்கு அப்படித்தானே பழக்கம். "அப்பா, இப்போது கண்ணை மூடித் திறங்கள்" என்றதும் மூடித் திறப்பார். சற்று நேரத்தில் சான்று எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். அம்மா கொண்டுவந்த காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, பொறியியல் கலந்தாய்வு. 2018இல்தான் அது இணையத்துக்கு மாறியது. அதற்கு முன் தமிழ்நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் பிள்ளையும் பெற்றோரும் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் வர வேண்டும். எங்கள் வீட்டில் ஜூலை மாதம் என்றால் ஊரிலிருந்து உறவினர்கள் வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து மாமா குடும்பம் எழும்பூரில் இறங்கி, எங்கள் வீட்டில் குளித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் கிண்டிக்கு ஓடும். வெளியே பெரிய திரைகளில் கல்லூரிகளும் காலியிடங்களும் ஓடிக்கொண்டிருக்கும். குறித்து வைத்திருந்த கல்லூரியில் இடம் தீரத் தீர மாமா தாளில் அடித்துக்கொண்டே வருவார். உள்ளே கூப்பிட்டதும் சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பு, ஒரு குடும்பத்தின் சேமிப்பு எல்லாம் அந்தச் சில நிமிடங்களில். சென்ற ஆண்டு அதே மாமாவின் பேத்தி வீட்டிலிருந்தே விருப்பப் பட்டியலைக் கொடுத்தாள். முந்தைய ஆண்டுகளின் கட் ஆஃப் மதிப்பெண்களை வைத்துக்கொண்டு என்னோடு தொலைபேசியில் பேசிப் பேசி வரிசையை மாற்றினாள், பிறகு தன் அப்பாவோடு உட்கார்ந்து இன்னொரு முறை மாற்றினாள். சென்னைக்கு வரும் செலவும் நாளும் மிச்சம் என்பது ஒருபுறம். நிதானமாக யோசிக்க அவகாசம் கிடைத்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இணையம் வந்தும் நேரம் மிச்சமாகாத இடங்களும் உண்டு. தீபாவளி, பொங்கல் ரயில் டிக்கெட் அப்படி. 60 நாள் முன்பே காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும், தென்மாவட்ட ரயில்களில் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். தட்கலும் அப்படியே. சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் விடியற்காலையில் நின்ற கூட்டம் இப்போது கைப்பேசிக்குள் நிற்கிறது, அவ்வளவுதான். இருக்கை குறைவு, ஆள் அதிகம். இதை இணையத்தால் தீர்க்க முடியாது, கூடுதல் ரயில்தான் தீர்வு.

யாருடைய நேரம் மிச்சமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் அரை நாள் பெர்மிஷன் போட்டால் சம்பளம் குறையாது. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா ஒரு நாள் அலுவலகத்துக்குப் போனால் அன்றைக்குப் போகாத வீடுகளிலெல்லாம் பேச்சு வாங்க வேண்டும், சில வீடுகளில் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மகளுக்கு முதல் பட்டதாரி சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் அவர் இ-சேவை மையத்தில்தான் விண்ணப்பித்தார். ஒரு சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். மனு வருவாய்த்துறை அலுவலர்களிடம் இணையத்திலேயே நகர்ந்து, ஒப்புதல் ஆனதும் குறுஞ்செய்தி வந்தது. மனு எங்கே நிற்கிறது என்று அறிய ஒவ்வொரு முறையும் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதில்லை. அவருக்கு மிச்சமானது நேரம் மட்டும் அல்ல, கூலியும்தான். ஆனாலும் எல்லாரிடமும் அந்த வசதி இல்லை. கைப்பேசி இல்லாத முதியவருக்குக் கவுன்ட்டர் வேண்டும். "ஆன்லைனில் போடுங்கள்" என்று சொல்லி மனிதரைத் திருப்பி அனுப்பும் அலுவலகம், பழைய அலைச்சலையே புதுப் பெயரில் கொடுக்கிறது. அதை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன்.

கேள்வி கேட்ட உங்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு விஷயங்கள். பெற்றோரின் ஆதாரோடு எந்தக் கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். எப்போதோ தொலைந்துபோன சிம் எண்ணாக இருந்தால் ஓடிபி அதற்குத்தான் போகும், அவசரத்துக்கு எதுவும் நகராது. வீட்டில் 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர் இருந்தால் நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கு அக்டோபர் 1ஆம் தேதியே உயிர்வாழ் சான்று கொடுக்க அனுமதி உண்டு, மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.