போட்டியாளர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள்
காப்பீட்டு முகவர்களுக்கான வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடை வைத்திருக்கும் ஒருவரிடம் டேர்ம் பாலிசிக்கு (காலத்துக்குள் இறந்தால் மட்டும் தொகை தரும் பாலிசி) பேசி முடித்திருந்தேன். கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியில், "வருடம் ஒரு லட்சம் வீதம் பத்து வருடம் கட்டுங்கள், இருபதாவது வருட முடிவில் இருபது லட்சம். பத்து சதவீதம் உறுதி" என்று சொல்லி இழுத்துவிட்டார்கள். "இதை ஏன் சார் நீங்க சொல்லல?" என்று என்னையே கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– முகவர், நாமக்கல்

பதில்: இருபது லட்சம் உண்மையாகவே இருக்கலாம். பொய் அந்தப் பத்து சதவீதத்தில்தான் இருக்கிறது. கட்டுவது 10 லட்சம், கூடுதலாக வருவது 10 லட்சம். அதைப் பத்து வருடத்துக்குப் பங்கிட்டு, "வருடத்துக்குப் பத்து சதவீதம் ஆச்சே" என்கிறார்கள். ஆனால் முதல் தவணை 20 வருடம் உள்ளே கிடக்கிறது. கடைசித் தவணைகூட 11 வருடம் கிடக்கிறது. கூட்டு வட்டியில் போட்டால் கிடைப்பது ஏறக்குறைய 4.5 சதவீதம்.

இதை வாயால் சொன்னால் பொறாமையில் பேசுவதாகவே தோன்றும். கடைக்காரர் கையிலேயே போனைக் கொடுத்து எக்செல்லில் போடச் சொல்லுங்கள். முதல் பத்துக் கட்டங்களில் கழித்தல் குறியோடு 1,00,000. அடுத்த பத்துக் கட்டங்களில் 0. இருபத்தோராவது கட்டத்தில் 20,00,000. பிறகு ஐ.ஆர்.ஆர். (IRR) சூத்திரம், கட்டியதற்கு வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்று சொல்வது அதுதான். முதல் தவணை இன்றைக்கே கட்டுவதால்தான் இருபத்தொரு கட்டம். இடையில் உள்ள பூஜ்யங்களைப் போடாமல் விட்டால் விடை தப்பாக வரும், பலரும் சறுக்குவது அங்கேதான். விடை வந்ததும் நீங்கள் பேச வேண்டாம், அவர் பேசட்டும். முதிர்வுத் தொகைக்கு வருமான வரிவிலக்கு கிடைக்கலாம், வங்கி டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிராளிக்குச் சாதகமானதை மறைக்காதவரைத்தான் மக்கள் நம்புவார்கள்.

அடுத்து, பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன் தாளை (எந்த வருடம் எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் தாள்) வங்கியில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாங்குபவரும் விற்பவரும் கையெழுத்திட வேண்டிய தாள் அது. அதில் உறுதியான தொகை தனியாக இருக்கும். போனஸ் உள்ள பாலிசி என்றால் 4%, 8% என்று இரண்டு பத்திகள் இருக்கும். அவை இரண்டும் அனுமானம்தான். நிறுவனத்தின் முதலீடு அந்த அளவு ஈட்டினால், செலவெல்லாம் போக இவ்வளவு வரலாம் என்று மட்டுமே பொருள். 8% பத்தியில் உள்ள தொகையைக் காட்டி "உறுதி" என்று விற்பது மிகவும் பரவலான ஏமாற்று. "உறுதின்னு நீங்க சொன்ன தொகை இதில் எந்தப் பத்தியில் இருக்கு?" என்று அவர் கேட்டாலே போதும்.

பாலிசி தருவதற்கு முன் நிறுவனத்திலிருந்து சரிபார்ப்பு அழைப்பு வந்தால், "எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிடுங்க" என்று சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த அழைப்பு பதிவாகிறது. "பத்து சதவீதம் உறுதி என்றார்களே, சரிதானா?" என்று அதிலேயே கேட்கும்படி உங்கள் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். பின்னால் புகார் என்று வந்தால் அந்தப் பதிவு அவருக்குச் சாட்சி.

கேள்வி: என்னிடம் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஆறு வருடமாகச் சுகர். படிவத்தில் எழுதினேன், பிரீமியம் கூடியது. இன்னொரு முகவர், "சுகரைப் போடாதீங்க. மூணு வருஷம் ஓட்டிட்டா யாரும் கேட்க முடியாது" என்று சொல்லிக் குறைந்த பிரீமியத்தில் முடித்துவிட்டார். நான் நேர்மையாக இருந்தது தவறா?
– முகவர், கும்பகோணம்

பதில்: தவறே இல்லை. அவர் காட்டிய குறைந்த பிரீமியம் வியாதி இல்லாத ஒருவருக்கானது. அதையும் உங்கள் பிரீமியத்தையும் ஒப்பிடவே கூடாது.

மூன்று வருடம் என்று அவர் சொல்வது காப்பீட்டுச் சட்டம் 1938-ன் 45-வது பிரிவு. மூன்று வருடம் கடந்த ஆயுள் காப்பீட்டு பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்பது உண்மைதான். சொல்லாமல் விட்டது என்ன? பாலிசி வழங்கிய நாள், பாதுகாப்பு தொடங்கிய நாள், காலாவதியானதைப் புதுப்பித்த (ரிவைவல்) நாள், ரைடர் என்ற கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்த நாள் ஆகியவற்றில் எது கடைசியோ அதிலிருந்துதான் மூன்று வருடம். நடுவில் காலாவதியாகி ரிவைவல் செய்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்த மூன்று வருடத்துக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் கட்டாயம் விசாரிக்கும். மருத்துவமனை கேஸ் ஷீட்டை வாங்கும். நெஞ்சுவலி என்று சேர்த்த அன்று, டாக்டர் கேட்டதற்கு மனைவியே "ஆறு வருஷமா சுகர் மாத்திரை சாப்பிடறார்" என்று சொல்லியிருப்பார். அது அந்தத் தாளில் இருக்கும். கிளைம் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் விழுகிறது. மோசடி என்று முடிவானால் கட்டிய பிரீமியம்கூடத் திரும்பாது. அந்த நேரத்தில் யோசனை சொன்ன முகவர் நாமினியோடு வந்து நிற்க மாட்டார்.

மருத்துவக் காப்பீட்டில் கணக்கு இன்னும் தெளிவு. ஏற்கெனவே உள்ள நோயைச் சொல்லிவிட்டால், அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காத காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். மறைத்தால், நிறுவனம் கேள்வி கேட்க முடியாத நிலை வர 60 மாதம் ஆகும். மோசடி என்றால் அதற்குப் பிறகும் கேட்கலாம். உண்மையைச் சொன்னவருக்குத்தான் பாதுகாப்பு சீக்கிரம் வருகிறது. இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டுங்கள்.

உங்கள் நிறுவனமே எடுக்க மறுத்தால், வேறு நிறுவனத்தில் உண்மையைச் சொல்லி முயற்சி செய்யும்படி அவரிடம் சொல்லுங்கள். ஆயுள் காப்பீட்டில் நீங்கள் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே முகவர், எல்லோருக்கும் உங்களிடம் வழி இருக்காது.

கேள்வி: முதல் வருட கமிஷனில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள். நானும் கொடுத்தால்தான் பிழைக்க முடியும் போலிருக்கிறதே?
– முகவர், திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை. இந்தப் பிரிவு புரொபோசல் படிவத்திலேயே அச்சாகி இருக்கிறது. வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு என்று தெரிந்ததும் பலர் பின்வாங்குவார்கள்.

நியாயமாகக் குறைக்க வழி இருக்கிறது. பல திட்டங்களில் மாதத் தவணையைவிட வருடத் தவணையில் மொத்தச் செலவு குறையும். காப்பீட்டுத் தொகை குறிப்பிட்ட படியைத் தாண்டினால் நிறுவனமே தள்ளுபடி தரும். திட்டக் கையேட்டில் அந்தப் படிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் பழைய வாடிக்கையாளர் 20 வருட எண்டோமென்ட்டில் (சேமிப்பும் ஆயுள் பாதுகாப்பும் சேர்ந்த பாலிசி) ஐந்து வருடம் கட்டியிருக்கிறார், வருடம் 50,000. "அதை சரண்டர் பண்ணிட்டு எங்ககிட்ட போடுங்க" என்கிறார்கள்.
– முகவர், தென்காசி

பதில்: முதலில் கிளையில் எழுதிக் கொடுத்து சரண்டர் தொகையை (பாலிசியை இடையில் முடித்தால் திரும்பும் தொகை) எழுத்தில் வாங்கித் தாருங்கள். கட்டியது இரண்டரை லட்சம். நான்காம் வருடத்திலிருந்து ஏழாம் வருடம் வரை உறுதியான சரண்டர் மதிப்பு கட்டியதில் குறைந்தது 50 சதவீதம், அதாவது 1,25,000. போனஸின் மதிப்பு இதற்கு மேல். நிறுவனம் தனியாகக் கணக்கிடும் சிறப்பு சரண்டர் மதிப்பு இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுதான் கிடைக்கும்.

பிறகு, இதுவரை கட்டியதை மறந்துவிட்டு இனிமேல் நடப்பதை மட்டும் கணக்கிடுங்கள். முதல் கட்டத்தில் சரண்டர் தொகையும் இந்த வருடத் தவணையும் சேர்த்துக் கழித்தல் குறியோடு. அடுத்த 14 கட்டங்களில் தவணை மட்டும். கடைசிக் கட்டத்தில் முதிர்வுத் தொகை. இப்போது வரும் சதவீதம் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், ஆரம்பச் செலவெல்லாம் ஏற்கெனவே கழிந்துவிட்டதே. அப்படியும் குறைவாக வந்தால் தொடரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பெய்ட்-அப் ஆக்குவது (இனித் தவணை கட்டாமல் குறைந்த தொகையோடு பாலிசியைத் தொடர்வது), பாலிசி மேல் கடன் வாங்குவது என்ற வழிகளையும் அதே தாளில் எழுதுங்கள். புதிதாக எடுத்தால் வயதுக்கேற்ப பிரீமியம் ஏறும், 45-வது பிரிவின் மூன்று வருடமும் மறுபடி தொடங்கும்.

கேள்வி: ஏமாந்து வேறிடத்தில் எடுத்துவிட்டார், பத்திரமும் வந்துவிட்டது. இனி வழி உண்டா?
– முகவர், விழுப்புரம்

பதில்: பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் இருக்கிறது. பாலிசி எண், கிடைத்த தேதி, விதிமுறைகளில் உடன்பாடில்லை என்ற ஒரு வரி ஆகியவற்றோடு நிறுவனத்தின் கிளையில் கடிதம் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புகை வாங்க வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறிய வேண்டாம், தேதிக்கு அதுதான் ஆதாரம். அந்த நாள்கள் வரைக்குமான பாதுகாப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை மட்டும் கழித்து மீதி திரும்பும். அவருக்கு இருப்பது அந்த ஒரே பாலிசிதான் என்றால், உங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்ட பிறகு ரத்து செய்வது பாதுகாப்பு, 30 நாளைத் தவறவிடாமல்.

நாள் கடந்திருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். அடுத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளம் அல்லது 155255 என்ற தொலைபேசி எண். ஒரு மாதத்தில் தீராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரம், காரைக்கால் ஆகியவற்றுக்கும் அவர்தான். கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை ஏற்பார். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். புகார் வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்க வேண்டும், முகவர் அவர் சார்பில் நிற்க முடியாது. இல்லஸ்ட்ரேஷன் தாள், வாட்ஸ்அப் செய்திகள், பிரீமியம் ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கித் தருவதுதான் நீங்கள் செய்யக்கூடியது.