ஹார்ட் டிஸ்க் மெதுவாகிவிட்டது, என்ன பராமரிப்பு செய்யலாம்?

சேலம் அம்மாப்பேட்டையில் கடைக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஐந்து வருடப் பழசு, இப்போது ஆமை வேகம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் கணக்கு ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கைக் குடைந்து வேலை வாங்கும்போதுதான் அது பல நேரம் கைவிடும்.

அப்புறம் அதன் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகள் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்; சி5 என்பது படிக்கத் தடுமாறும் செக்டார்கள். இந்த எண்ணிக்கை வாராவாரம் ஏறினால் பராமரிப்பால் பயனில்லை, புது டிஸ்க் வாங்குங்கள்.

எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் சரி, தேவையில்லாததை நீக்கி 15 முதல் 20 சதவீத இடத்தைக் காலியாக விடுங்கள். சுழலும் டிஸ்க்குக்கு டீஃப்ராக், அதாவது சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது, உதவும். விண்டோஸ் 10 அதை வாரம் ஒருமுறை தானாகவே செய்துகொள்ளும், அந்தத் தானியங்கி அமைப்பை அணைத்து வைக்காமல் இருந்தால் போதும். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாற்றினால் டீஃப்ராக் வேண்டாம், எந்த இடம் இனி தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸே அனுப்பிக்கொள்ளும்.

நம் ஊர் சித்திரை வெயிலுக்குக் கேபினட் தூசியைத் தட்டி, ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். கோடை மழை இடியோடு வந்து கரண்ட் போகும் ஊர் இது. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் ஃபைல் சிதையும். சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.