பழைய 'நரம்பு டொனிக்' போத்தல்களில் என்னதான் இருந்தது?

திருகோணமலையில் அம்மம்மாவின் அலுமாரியில் கிடைத்த போத்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லேபலில் 'நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு, தூக்கமின்மை' என்ற மூன்று சொற்கள்தான் மிச்சம் என்கிறீர்கள். அந்தக் காலத்து மருந்துகள் பலவற்றில் வேலை செய்தது சாராயம்தான். சிலவற்றில் அபின். அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இவற்றை லேபலில் சொல்ல வேண்டி வந்தது. குடித்ததும் மனம் லேசானதில் என்ன அதிசயம்!

சுவாரசியமானது புரோமைட்டு, அதாவது புரோமின் சேர்ந்த ஒருவகை உப்பு. 1857இல் வலிப்புக்குப் பயன்பட்டது, பிறகு நரம்பு மருந்தாகிவிட்டது. உப்புக் கரிக்கும், ஆளை அமைதியாக்கும். ஆனால் உடலில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 12 நாள் ஆகும். தினமும் ஒரு கரண்டி குடித்தால் தேங்கிக்கொண்டே போகும். அப்புறம் மறதி, தள்ளாட்டம், முகத்தில் பரு, மனக்குழப்பம். சரி, நரம்பு இன்னும் தளர்ந்துவிட்டது என்று இன்னொரு போத்தல் வாங்குவார்கள்!

இந்த நஞ்சேற்றத்துக்கு மருந்து சாதாரண உப்பு. அதிலுள்ள குளோரைட்டு உடலில் கூடினால் சிறுநீரகம் புரோமைட்டை வெளியே தள்ளிவிடும். நிலாவெளி உப்பளத்துப் பக்கம் இருந்துகொண்டு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

உங்கள் போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தாலும் நாக்கில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்.