நுரையீரல் நீரை ஊசி குத்தி எடுக்க முடியாதா?

கேள்வி: சம்பா வயலில் களையெடுத்து வந்த அப்பாவுக்கு ஆறு நாள் காய்ச்சல். உண்ணிக் காய்ச்சல் என்றார்கள். இப்போது ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் வைத்திருக்கிறார்கள். "நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது" என்கிறார் டாக்டர். அந்த நீரை ஊசி குத்தி எடுக்கக் கூடாதா? குப்புறப் படுக்க வைப்பது ஏன்?
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: ஊசியால் எடுப்பது நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் தேங்கும் நீரை. அப்பாவுக்கு நீர் கோத்திருப்பது கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளுக்குள். அங்கே ஊசி எட்டாது.

வரப்புக்கு மேல் நீர் வழிவது வேறு, நண்டு வளை வழியாகக் கசிவது வேறு. இதயம் தளர்ந்தால் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறி நீர் வெளியேறும். இங்கே அழுத்தம் ஏறவில்லை, வரப்பில்தான் ஓட்டை. உண்ணிக் காய்ச்சல் கிருமி ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்குள்ளேயே புகுந்து பெருகும். அதை உணர்ந்த காவல் செல்களில் என்.எஃப்.-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 என்று அழற்சியைத் தூண்டும் புரதங்கள் எல்லாம் சுரக்கும். இன்டர்லூக்கின்-8 வரவழைக்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கிருமிக்காக எலாஸ்டேஸ் நொதியைக் கொட்டும். அது நம் திசுவையும் அரிக்கும். சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் வி.இ.-கேட்ஹெரின் என்ற புரதம் விலகியதும், புரதம் கலந்த நீர் நுண்ணறைக்குள் இறங்கும். அந்தப் புரதம், அறைகளை விரித்து வைக்கும் சர்ஃபாக்டன்ட் பூச்சைக் கெடுத்துவிடும். அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நீரை வடிக்க வேண்டிய, நுண்ணறைச் சுவரில் உள்ள சோடியம் கால்வாய்களும் அந்நேரம் சோர்ந்துபோகும். கசிவும் நிற்காமல் வடிகாலும் தூர்ந்த வயலின் நிலைதான்.

திறந்திருக்கும் அறைகள் கொஞ்சம்தான் என்பதால் வென்டிலேட்டர் காற்றை அளந்தே தர வேண்டும். உடல் எடையைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. 165 செ.மீ. உயர ஆணுக்கு, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை 61.5 கிலோ, கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு 370 மி.லி. அளவு. கிலோவுக்கு 12 மி.லி.யிலிருந்து 6 மி.லி.க்குக் குறைத்ததில் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியதை 2000-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. "காற்று போதவில்லையே, கூட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். அதிகக் காற்று மிஞ்சிய நல்ல அறைகளையும் கிழிக்கும்.

மல்லாந்து கிடந்தால் நீர் ஊறிய நுரையீரலின் கனமும் இதயத்தின் கனமும் முதுகுப் பக்க அறைகளை நசுக்கும். குப்புறப் போட்டால் அவை விரியும். கடுமையான நிலையில் நாளுக்கு 16 மணி நேரமாவது வேண்டும். முகத்தில் புண் வரலாம், குழாய் நழுவலாம். அதனால்தான் நாலைந்து பேர் சேர்ந்து திருப்புகிறார்கள்.

குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; கசியும் குழாயில் கூடுதல் நீர் நேரே நுண்ணறைக்கே போகும்.

வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பில் உண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வலிக்காது என்பதால் தானாகத் தெரியாது. இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.