எழுபது நாள் நின்ற கப்பல்

அன்புள்ள ஐயா,

வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் கப்பலைப் பற்றி அண்மையில் படித்தேன். 1945 ஜனவரி 30 இரவு, ஜெர்மானிய அகதிகளோடு பால்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த அதை ஒரு சோவியத் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். டைட்டானிக்கைப்போல ஆறு மடங்கு. ஆனால் எல்லோருக்கும் டைட்டானிக்தான் தெரிகிறது. டார்பிடோவை ஏவிய கேப்டன் மரினெஸ்கோ வீரரா, கொலைகாரரா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

முதலில் அந்த ஆறு மடங்கை அழித்துவிடுங்கள். சாவு என்ன ஓட்டா, எண்ணி முன்னிலை அறிவிக்க? நன்றாகப் படிக்கிற பிள்ளை நீங்கள்; உங்களுக்குமா இந்தப் பட்டியல் நோய்? கேப்டன் விவகாரம் வழக்கறிஞர்களுக்கு உரியது. அந்தக் கப்பலில் அகதிகளோடு படையினரும் இருந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஸ்ட்ரூமாவை நினைத்துக்கொண்டிருந்தேன். 1867இல் கட்டிய கிழட்டுக் கப்பல். 1941 டிசம்பர் 12 அன்று ருமேனியாவின் கான்ஸ்டான்ட்சா துறைமுகத்திலிருந்து, 700க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிக்கொண்டு பாலஸ்தீனம் நோக்கிக் கிளம்பியது. வழியிலேயே இன்ஜின் நின்றது. பழுதுபார்க்க வந்த இழுவைப் படகுக்காரர்கள் கூலி கேட்டார்கள். பயணிகள் கல்யாண மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். டிசம்பர் 15 இஸ்தான்புல் சேர்வதற்குள் இன்ஜின் மறுபடி படுத்துவிட்டது.

அங்கே 70 நாள். பாலஸ்தீனத்தை அப்போது ஆண்டது பிரிட்டன்; உள்ளே வர அனுமதி தர அதற்கு மனமில்லை. அனுமதி இல்லாதவர்களைக் கரையிறக்கத் துருக்கிக்கு மனமில்லை. 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை மட்டும் ஏற்கலாம் என்று பிரிட்டன் இறங்கிவந்தது. அவர்களைத் தரைவழியாக அனுப்பத் துருக்கி மறுத்தது. பிப்ரவரி 23 அன்று, ஓடாத இன்ஜினோடு கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் காலை ஒரு சோவியத் டார்பிடோ. பிழைத்தவர் ஒரே ஒருவர்: டேவிட் ஸ்டோலியார், வயது 19.

டார்பிடோவுக்குச் சில நிமிடங்கள். கடிதப் போக்குவரத்துக்கு 70 நாள். நீங்கள் அந்தச் சில நிமிடங்களை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்! அந்த 70 நாளில் யாரும் சுடவில்லை. தாளை அடுத்த மேசைக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

நானும் நகர்த்தியவன்தான். ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலம். குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஒரு அம்மாள் வருவார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து பெஞ்சில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருப்பார். கணவரின் முன்னெழுத்து ஒரு தாளில் 'சு', இன்னொன்றில் 'எஸ்'. மூன்று முறை குறிப்பெழுதித் திருப்பினேன். 'உரிய விளக்கத்துடன் மீளச் சமர்ப்பிக்கவும்.' அந்த வாக்கியத்தின் மிடுக்கில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. கடைசியில் ஆணை வந்த அன்று, அவர் நாலு கொய்யாப்பழங்களை என் மேசைமேல் வைத்துக் கைகூப்பினார். ஒன்றை அங்கேயே கடித்துத் தின்றேன்.

கேப்டனை மறந்தே போனேன். மரினெஸ்கோ 1963இல் இறந்தார். சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்ற பட்டத்தை அவருக்கு 1990இல் கொடுத்தார்கள். அவருடைய கோப்பும் ஏதோ ஒரு மேசையில் இருந்திருக்கிறது.