மகள் இன்சுலின் போடாமல் ஒளித்து வைக்கிறாள், என்ன செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. 12 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒரு நாளைக்கு மொத்தம் 42 யூனிட் இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் 9 கிலோ குறைந்துவிட்டாள். "நல்லா இளைச்சு அழகாயிட்டா" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆனால் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 12.6 சதவீதம் என்று வந்திருக்கிறது. நோட்டில் அவள் எழுதி வைத்திருக்கும் சுகர் எல்லாம் 130, 140தான். பொங்கலுக்கு வந்தபோது அவள் துணிப்பைக்குள் பிரிக்காத இன்சுலின் கேட்ரிட்ஜ் 11 இருந்தது. கேட்டால் அழுது கதவைச் சாத்திக்கொள்கிறாள். ராத்திரியில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறாள், மறுநாள் மதியம் வரை பட்டினி கிடக்கிறாள். படித்த பெண் இப்படிப் பொய் சொல்லலாமா? எப்படிக் கண்டிப்பது? மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள். வரன் பார்க்கும் நேரத்தில் அது தெரிந்தால் என்ன ஆகும்?

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு வாந்தி, வயிற்றுவலி, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவது, வாயில் அதிகம் பழுத்த பழம் மாதிரி வாடை, தூக்கக் கலக்கம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேர்வதன் அறிகுறிகள் இவை. "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலை, வாய்வு" என்று ஓம வாட்டர் கொடுத்துக் காத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு உயிருக்கே ஆபத்தாகிவிடும். மருந்துக்கடையில், அந்த அமிலம் சேர்கிறதா என்று சிறுநீரில் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கி அவளிடமும் கொடுங்கள், வீட்டிலும் வையுங்கள். சுகர் 250-க்கு மேல் இருந்தால் அதில் பார்க்க வேண்டும். நிறம் நன்றாக மாறினால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் அந்த 11 கேட்ரிட்ஜ். ஒன்றில் 300 யூனிட் இருக்கும். 11 என்றால் 3,300 யூனிட். நாளைக்கு 42 என்ற கணக்கில் ஏறக்குறைய இரண்டரை மாத மருந்து உங்கள் மகளின் உடம்புக்குள் போகவில்லை. ஆனால் அவள் அடியோடு நிறுத்தவும் இல்லை. நிறுத்தியிருந்தால் சில நாட்களிலேயே ஐசியூவில்தான் பார்த்திருப்பீர்கள். உயிர் தங்கும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொண்டு, மிச்சத்தை விட்டிருக்கிறாள். (ஃபிரிட்ஜுக்கு வெளியே எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாததால் அந்த 11-ஐயும் இனிப் பயன்படுத்த வேண்டாம். புதிதாக வாங்குங்கள்.)

இதற்கு 'டயபுலிமியா' என்று ஒரு பெயர் புழக்கத்தில் இருக்கிறது. எடை குறைவதற்காக இன்சுலினைக் குறைப்பது அல்லது விடுவது. நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இல்லாவிட்டாலும், உண்ணுதல் கோளாறுகளில் ஒரு வகையாகவே மனநல மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள். நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு விவரமும் அந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

எடை எப்படிக் குறைகிறது என்று கேட்பீர்கள். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, சிறுநீரில் வெளியேறிவிடும். சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் கழிவறைக்குப் போகிறது. அதோடு தண்ணீரும் போகிறது. சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்ன ஆரம்பிக்கிறது. உறவினர்கள் அழகு என்று சொல்கிற அந்த 9 கிலோ இப்படிப் போனதுதான். உள்ளே செல்கள் பட்டினி கிடப்பதால் அகோரப் பசி எடுக்கும். பகல் முழுக்க அடக்கி வைத்த பசி ராத்திரியில் கட்டை உடைக்கும். சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி வரும். "இப்போ ஊசி போட்டா இதெல்லாம் உடம்புல சேர்ந்துடும்" என்று பயந்து விட்டுவிடுவாள். காலையில் மறுபடி பட்டினி. இந்தச் சுழலிலிருந்து தானாக வெளியே வருவது மிகவும் கஷ்டம்.

இன்சுலின் போட்டால் எடை கூடும் என்று அவள் நினைப்பது பொய்யான பயம் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றலாம் என்று 1993-இல் நிரூபித்த அமெரிக்காவின் பெரிய ஆய்விலேயே, தீவிரமாக இன்சுலின் எடுத்தவர்களுக்கு எடை கூடியது. 12 வயதில் நோய் தெரிவதற்கு முன் அவளும் எலும்பும் தோலுமாக ஆகியிருப்பாள். ஊசி ஆரம்பித்ததும் கன்னம் உப்பியிருக்கும். அதே சமயத்தில் வயசுக்கும் வந்திருப்பாள். "ஊசி போட்டு குண்டாயிட்டேன்" என்பது பல பெண் பிள்ளைகளின் மனதில் அப்போதே பதிந்துவிடுகிறது.

இன்னொன்று, சாப்பாட்டைப் பற்றி நாம் இந்தப் பிள்ளைகளிடம் பேசும் விதம். ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பாயச வாளி அவள் இலைக்கு வருகிறது. நாலு இலை தள்ளியிருந்து ஒரு அத்தை, "அந்தப் பொண்ணுக்கு ஊத்தாதீங்க, சுகர்!" என்கிறார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அத்தைக்கு அக்கறைதான். ஆனால் ஒன்பது வருடமாக ஒவ்வொரு இட்லியையும் எண்ணி, ஒவ்வொரு வாய்க்கும் கணக்குச் சொல்லி வளர்ந்த பெண்ணுக்குச் சாப்பாடு என்றாலே குற்றம் என்று ஆகிவிடுகிறது. இந்த நோய்க்குத் தேவையான ஒழுங்கே உண்ணுதல் கோளாறுக்கு வாசலாகவும் ஆகிவிடுவதுதான் வேதனை. டைப் 1 உள்ள பிள்ளைகளிடம் 10 முதல் 12 வயதிலேயே இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊர் ஓபி கூட்டத்தில் இதைக் கேட்கும் டாக்டர்கள் குறைவு. நானும் பல வருடம் கேட்டதில்லை.

"பொய் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண்ணும் இப்படித்தான் நோட்டு கொண்டுவருவாள். மூன்று மாத அளவுகளும் ஒரே நீல மையில், ஒரே சாய்வில், 128, 134, 131. காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதியது என்று பார்த்தாலே தெரியும். அவள் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே, "யாரை ஏமாத்தற?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவள் வரவில்லை. திரும்பி வந்தபோது கண்ணின் விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கியிருந்தது. நான் கேட்ட கேள்வி தப்பு. அந்த நோட்டை அவள் பயத்தில் எழுதியிருந்தாள். நல்ல எண்ணைப் பார்த்தால்தான் நாங்கள் சிரித்தோம், அதனால் எங்களுக்கு நல்ல எண்ணைக் கொடுத்தாள்.

அதனால் கண்டிக்க வேண்டாம். கேட்ரிட்ஜ் விஷயத்தை மறுபடி விசாரணை மாதிரி எடுக்காதீர்கள். அவள் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், வேறு யாரும் இல்லாதபோது, "ஊசி போடறது உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா? உடம்பு கூடிடும்னு பயமா இருக்கா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருப்பதுதான் முக்கியம். வீட்டில் எடை மிஷின் இருந்தால் எடுத்து மேலே போட்டுவிடுங்கள். இளைத்தாள், பெருத்தாள் என்ற பேச்சை உறவினர்களிடம் நீங்களே நிறுத்திவிடுங்கள். ஃபிரிட்ஜைப் பூட்டாதீர்கள்.

பயமுறுத்தியும் பயனில்லை. பாஸ்டனில் டைப் 1 உள்ள 234 பெண்களை 11 வருடம் கவனித்து, 2008-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. இன்சுலினைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு மரண ஆபத்து மூன்று மடங்காக இருந்தது. இதை உங்களுக்காகச் சொல்கிறேன், நாள் கடத்தக் கூடாது என்பதற்காக. அவளிடம் வாசித்துக் காட்டாதீர்கள். ஆபத்து அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை என்பதுதான் இந்த நோய்.

சிகிச்சையில் சர்க்கரை நோய் மருத்துவர், மனநல மருத்துவர், உணவு ஆலோசகர் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும். முதல் நாளே 42 யூனிட்டையும் போட வைப்பது நோக்கமாக இருக்கக் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை மட்டும் ஒரு நாளும் விடக் கூடாது என்று முதல் ஒப்பந்தம் போடுவோம். அதைப் போடும்போது நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஹாஸ்டலில் அவள் நம்பும் ஒரு தோழி உட்காரலாம். அப்புறம் சாப்பாட்டு ஊசிகள் ஒவ்வொன்றாக. 12.6-ஐ அவசரமாகக் கீழே இறக்கினால் சிலருக்குக் கண் பாதிப்பு கூடும், கால் நரம்புகளில் எரிச்சலும் வலியும் வரும். அதனால் மெதுவாகத்தான் இறக்க வேண்டும். ஆரம்பத்திலேயே விழித்திரை, சிறுநீரகம், ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிட வேண்டும்.

மறுபடி முறையாக ஊசி போடத் தொடங்கும் முதல் வாரங்களில் கால் வீங்கும், முகம் உப்பும், எடை சில கிலோ ஏறும். பெரும்பாலும் தண்ணீர்தான், சில வாரங்களில் வடியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று அந்த வாரமே ஊசியை நிறுத்திவிடுவாள். பல சிகிச்சைகள் இந்த இடத்தில்தான் முறிகின்றன.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. "செத்துடலாம்னு தோணுதா?" என்று அவளிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும் மாத்திரைகள் சில உண்டு என்பதால் டைப் 1 பற்றி அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வரன் விஷயம். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, நம் ஊரில் பேச்சு எப்படிப் பரவும் என்று எனக்கும் தெரியும். ஆனால் மனநல மருத்துவரிடம் என்ன பேசப்பட்டது என்பதை அவர் வெளியே சொல்லக் கூடாது, அது சட்டம். இந்த வருடம் ஜாதகத்தை எடுக்காமல் வையுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே எடையும் நிறமும்தான் பேச்சாகும், அந்த நெருக்கடி இப்போது அவளுக்கு வேண்டாம். இன்சுலினைச் சரியாக எடுத்துக்கொண்டு கல்யாணம் செய்து, குழந்தை பெற்று, வேலைக்கும் போகிற டைப் 1 பெண்கள் என் ஓபிக்கே வருகிறார்கள்.

முதல் நாள் மருத்துவரிடம் போகும்போது குளுக்கோமீட்டரையும் இப்போது போடும் ஊசிகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும். உள்ளே போனதும் பத்து நிமிடம் அவள் மட்டும் மருத்துவரிடம் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள்.