பல்லைச் சீவுவதற்கு முன்னால்: சிரிப்பைச் சீராக்கும் சிகிச்சைகள், கேள்வி பதில்

டாக்டர், என் பற்கள் மஞ்சள். மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் வெனியர் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நிறம் மட்டும்தான் குறை என்றால் இப்போது வேண்டாம். வெனியர் என்பது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. அதற்காகப் பல்லின் முன்பக்கத்தில் பொதுவாக 0.3 முதல் 0.7 மி.மீ. வரை சீவுவார்கள். சீவிய எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) திரும்ப வளராது. முதலில் ஸ்கேலிங் (காரையையும் கறையையும் சுரண்டி எடுப்பது), சொத்தை இருந்தால் அதற்குச் சிகிச்சை, பிறகு ப்ளீச்சிங் (மருந்தால் பல்லை வெளுப்பது) என்று போங்கள்.

வீட்டிலேயே செய்யும் ப்ளீச்சிங்குக்கு உங்கள் பல்லை அச்செடுத்து மெல்லிய ட்ரே செய்து தருவார்கள். அதில் 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை ஒரு பல்லுக்கு ஒரு பொட்டு வைத்து, இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஜெல் ஈறில் வழிந்தால் ஈறு வெளுத்து எரியும். வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். பல் கூசினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டும் கூச்சத்தைக் குறைக்கும்.

முன்பல்லில் பழைய ஃபில்லிங் இருக்கிறது. அதுவும் வெளுக்குமா?

வெளுக்காது. கேப்பும் (பல்லை முழுதாக மூடும் உறை) அப்படித்தான். சுற்றியுள்ள பற்கள் வெளுத்தபின் பழைய ஃபில்லிங் தனியாகத் தெரியும். அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ப்ளீச்சிங் முடிந்த மறுநாளே மாற்றாதீர்கள், இரண்டு வாரம் விடுங்கள். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் புது ஃபில்லிங்கின் ரெசின் பொருள் இறுகுவதைக் கெடுக்கும், ஒட்டு பலமாக இருக்காது. நிறம் நிலைப்படவும் அவ்வளவு நாள் வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, கரித்தூள்?

இரண்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று எனாமலைக் கரைக்கும், மற்றது தேய்க்கும். எனாமல் மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் அதிகமாகத்தான் தெரியும்.

அடிபட்டு ரூட் கெனால் செய்த ஒரே ஒரு முன்பல் கறுத்துவிட்டது. கேப் போட்டு மூடிவிடலாமா?

பல்லின் உடல் பெரும்பாலும் முழுதாக இருந்தால் கேப்புக்கு முன் உள்ளிருந்து வெளுக்கும் முறையைக் கேளுங்கள். பலருக்கு இது தெரியாமலே பல் ராவப்பட்டுவிடுகிறது.

எக்ஸ்ரே எடுத்து, ரூட் கெனாலில் வேருக்குள் நிரப்பிய அடைப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பிறகு ரூட் கெனாலுக்காகப் பல்லின் பின்பக்கத்தில் போட்ட துளையைத் திறந்து, அடைப்புப் பொருளை ஈறுமட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை எடுத்துவிட்டு, அதன் மேல் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்டால் சுமார் 2 மி.மீ. தடுப்பு வைப்பார்கள். இந்தத் தடுப்பை விட்டுவிட்டால் மருந்து வேர்ப்பக்கம் கசிந்து, கழுத்துப் பகுதியில் வேர் அரிக்கத் தொடங்கலாம். பிறகு பல்லே போகும். தடுப்புக்கு மேல் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் ஈர மணல் பதத்தில் குழைத்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். சுமார் வாரத்துக்கு ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு தடவைக்குள் நிறம் வந்துவிடும். சூடு காட்டி வேகப்படுத்துவது அரிப்பு அபாயத்தைக் கூட்டும், அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து. அலைனரா, பாண்டிங்கா?

சந்து 1 மி.மீ. அளவு என்றால் காம்போசிட் பாண்டிங் (பல்நிறப் பொருளைப் பல்லில் ஒட்டி வடிவமாக்குவது) போதும், பல்லைச் சீவவே தேவையில்லை. எனாமலில் 37% பாஸ்பாரிக் அமிலம் 15 முதல் 30 நொடி, கழுவிக் காயவைத்து பாண்ட் என்ற ஒட்டுத் திரவம், அதன்மேல் 2 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளாகக் காம்போசிட். தடிமனாக வைத்தால் இறுகவைக்கும் ஒளி அடிவரை போகாமல் உள்ளே இறுகாது. இரண்டு பல்லிலும் சரிபாதி கூட்டச் சொல்லுங்கள். சில ஆண்டுகளில் விளிம்பு கறைபடும். பாலிஷ் செய்யலாம், உடைந்த இடத்தை மட்டும் ஒட்டவும் செய்யலாம்.

சந்து பெரிதாக இருந்தால் அலைனர் (பல்லை மெல்ல நகர்த்தும், கழற்றி மாட்டும் நிறமற்ற உறை) அல்லது க்ளிப்தான் சரி. பாண்டிங்கால் மூடினால் பற்கள் அகலமாகச் சதுரமாகிவிடும். அலைனரை ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டாக வேண்டும். முடிந்ததும் ரிடெய்னர் (பல்லை அதே இடத்தில் நிறுத்தும் சாதனம்) போடாமல் விட்டால் சந்து திரும்ப வரும்.

போட்ட வெனியர் ஒரு வருடத்துக்குள் கழன்றுவிட்டது. ஏன்?

கழன்ற ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். சிமென்ட் ஓட்டில் ஒட்டியிருக்க, பல் சுத்தமாக இருந்தால் பல்பக்க ஒட்டு தோற்றிருக்கிறது. அதிகம் சீவி டென்டின் வரை போனது, ஒட்டும்போது எச்சில் பட்டது, இரண்டில் ஒன்றாக இருக்கலாம். சிமென்ட் பல்லில் நிற்க, ஓடு மொழுமொழுவென்று இருந்தால் பீங்கானின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் ஒட்டைக் கூட்டும் சிலேனும் சரியாகப் போடவில்லை என்று சந்தேகிக்கலாம். ஓடு விரிசல் விட்டு உடைந்திருந்தால் கடியைச் சோதிக்க வேண்டும். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இரவு கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறை) இல்லாமல் வெனியர் நிலைக்காது. கழன்ற ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வீட்டுப் பசையால் ஒட்டவும் செய்யாதீர்கள். முழுதாக இருந்தால் அதையே மறுபடி ஒட்ட வாய்ப்புண்டு.

சிரித்தால் ஈறு அதிகம் தெரிகிறது. லேசரில் வெட்டினால் போதுமா?

ஈறு பல்லை அதிகமாக மூடியிருந்தால் மட்டும். அப்போதும் ஈறின் புது விளிம்புக்கும் எலும்புக்கும் இடையே சுமார் 3 மி.மீ. இருக்க வேண்டும். அது இல்லாமல் ஈறை மட்டும் வெட்டினால் சில மாதங்களில் பழைய இடத்துக்கே வளர்ந்துவிடும். எலும்பையும் சேர்த்துச் சீராக்க வேண்டியிருக்கும். மேலுதடு அதிகம் ஏறுவதாலோ தாடை நீளத்தாலோ தெரிகிறது என்றால் ஈறை வெட்டுவதில் பலனில்லை.

வெனியர்தான் என்று முடிவாகிவிட்டது. எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

மாக்கப். வரப்போகும் பல் வடிவத்தில் மெழுகால் செய்த மாதிரியிலிருந்து சிலிகான் அச்செடுத்து, சீவாத பல்லின் மேலேயே தற்காலிகப் பொருளால் புது வடிவத்தைப் போட்டுக் காட்டுவார்கள். கண்ணாடியில் பாருங்கள், பேசிப் பாருங்கள், போட்டோ எடுங்கள். ‘ஃப’, ‘வ’ சொல்லும்போது பல்நுனி கீழுதட்டில் இடித்தால் நீளம் அதிகம். அதைக் குறைத்து, உங்களுக்குப் பிடித்த பிறகே சீவ ஒப்புக்கொள்ளுங்கள்.